ஒரு புள்ளி எது? பெரிய தொண்டு நிறுவனங்களைத் தன்னார்வலர் கணக்கில் ஒப்பிடும் முறை

போன மாசி மாதம் காரைக்குடியில் ஒரு வீட்டுப் பட்டாலையில் எங்கள் சின்ன அறக்கட்டளையின் கூட்டம் நடந்தது. ஆறு பேர், ஒரு தட்டு மசாலா சீயம், மூன்று துண்டுப் பிரசுரங்கள். மலேசியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் கொஞ்சம் பணம் அனுப்பி, "ஆள் பலம் உள்ள பெரிய நிறுவனமாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தார். முதல் பிரசுரத்தில் "லட்சக்கணக்கான தன்னார்வலர்கள்". இரண்டாவதில் "பல்லாயிரம் சேவகர்கள்". மூன்றாவதில் அடக்கமாக "நானூறுக்கும் மேற்பட்டோர்".

எங்களில் இளையவர் முதல் தாளைத் தட்டி, "இதுதான் பெரிசு, முடிஞ்சுது வேலை" என்றார். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சி விடவில்லை. "ஒண்ணுங்கிறது எதுன்னு சொல்லாம லட்சம்னா எப்படித் தம்பி? நம்ம கோயில் புள்ளிக்கே ஒரு முறை இருக்குல்ல?"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்களில் தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணம் ஆனால்தான் புள்ளி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒன்று. ஒருவர் காலமாகிவிட்டால் மற்றவர் அரைப்புள்ளி. அந்தக் கணக்கின்படிதான் புள்ளி வரி. இளையாத்தங்குடிப் புள்ளியையும் பிள்ளையார்பட்டிப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் 'ஒன்று' இரண்டு இடத்திலும் ஒரே ஒன்று. தொண்டு நிறுவனங்களின் தன்னார்வலர் எண்ணிக்கைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆச்சி கேட்ட கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் மூன்று வாரம் அலைந்ததில் உருவான முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: எதற்காக ஒப்பிடுகிறீர்கள்?

வெள்ளம் வந்தால் உடனே ஆள் இறக்க யாரால் முடியும் என்பது ஒரு கேள்வி. வருடம் முழுக்க வேலை நடக்கிறதா என்பது இன்னொன்று. எத்தனை பேர் மனதில் அந்த நிறுவனம் இடம் பிடித்திருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேறு வேறு எண் தேவை. எது வேண்டும் என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதியது: 'வருடத்தில் எவ்வளவு வேலை நடக்கிறது.'

படி 2: யார் தன்னார்வலர் என்று முடிவு செய்யுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இதுதான். அவசரப்பட வேண்டாம்.

தொடங்குவதற்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 2013-ல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு ஒரு வரையறை கொடுத்தது: சம்பளம் இல்லாமல், கட்டாயம் இல்லாமல், மற்றவர்களுக்காக, நான்கு வாரத்தில் குறைந்தது ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர். குடும்பத்துக்குள் செய்யும் உதவி இதில் சேராது. இதில் 'கட்டாயம் இல்லாமல்' என்பதைக் கவனியுங்கள். பள்ளியில் வகுப்பு முழுவதையும் ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்த்துச் சந்தாவும் வாங்கிவிடுவது நமக்குத் தெரியாததா? அந்தப் பிள்ளைகளும் எங்கோ ஓர் ஆண்டறிக்கையில் தன்னார்வலர்களாக இருப்பார்கள்.

அப்புறம், ஒரே எண்ணுக்குள் யார் யாரெல்லாம் ஒளிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

உறுப்பினர்: ரோட்டரி 1905-ல் சிகாகோவில் தொடங்கியது, லயன்ஸ் 1917-ல் அதே ஊரில். இரண்டிலும் இன்று உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். இவர்கள் சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள், கூட்டத்துக்கு வருகிறவர்கள். கண் சிகிச்சை முகாமில் நாற்காலி தூக்கியவர்களா என்பது வேறு கேள்வி. சிலர் தூக்குவார்கள், சிலர் மேடையில் அந்த நாற்காலியில் உட்காருவார்கள்.

எல்லோரையும் கலந்த எண்: இதற்குச் செஞ்சிலுவையை விட நல்ல பாடம் கிடையாது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2000-களில் தன்னை 9.7 கோடிப் பேர் கொண்ட அமைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதில் உறுப்பினரும் உண்டு, தன்னார்வலரும் உண்டு, ஊழியரும் உண்டு. 2011-ல் அதே கூட்டமைப்பு உட்கார்ந்து, உண்மையில் உழைத்த தன்னார்வலர்களை மட்டும் தனியே எண்ணி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009-க்கான எண் 1.31 கோடி. ஏழில் ஒரு பங்குதான். அதைத் தானே எண்ணிச் சொன்ன அமைப்பின் மேல் எனக்கு மரியாதை கூடியது. எண் சுருங்கினால் அமைப்பு சுருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 'ஒன்று' மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பக்தர், பயிற்சி பெற்றவர்: ஆன்மிக அமைப்புகளில் இந்தக் கோடு இன்னும் மங்கல். கோவை ஈஷா தன் தன்னார்வலர் எண்ணிக்கையை ஒரு கோடிக்கு மேல் என்கிறது. இதை மறுக்கவோ ஏற்கவோ சொல்லவில்லை. ஆனால் அதைச் செஞ்சிலுவையின் 1.31 கோடிக்கு நேராக எழுதும் முன், இரண்டு இடத்திலும் ஒரே வகை ஆளைத்தான் எண்ணினார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

கைச்செலவுக்குப் பணம் வாங்குபவர்: இது நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் மாலை நேரம் பாடம் சொன்னவர்கள் தன்னார்வலர்கள்தான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிராமங்களில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்களையும் அரசு தன்னார்வலர் என்றே சொல்கிறது. செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை. வங்கதேசத்தின் பிராக் அமைப்பில் கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலர்களுக்குச் சம்பளம் இல்லை. மருந்து விற்பதில் கிடைக்கும் சிறு லாபம் அவர்களுக்கு. இவர்களைச் சேர்ப்பதா விடுவதா? எதுவும் தப்பில்லை. ஒரு நிறுவனத்துக்குச் சேர்த்துவிட்டு இன்னொன்றுக்கு விடுவதுதான் தப்பு. நாங்கள் அரைப்புள்ளி முறையைக் கடன் வாங்கி, ஒருவரை அரை ஆளாக எண்ணி, நோட்டில் தனிப் பத்தியில் எழுதினோம்.

('தொண்டர்' என்ற சொல்லை நான் தவிர்த்துவிட்டேன். அதைக் கேட்டதும் நம் மக்களுக்குக் கட்சிக் கொடிதான் கண்ணுக்கு வருகிறது.)

படி 3: எந்தக் காலத்துக்கான எண்?

வரவு செலவில் தேதி போடாத சீட்டை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஏற்க மாட்டார். தன்னார்வலர் எண்ணுக்கும் அப்படித்தான். 'தொடங்கிய நாள் முதல் இன்று வரை' என்றால் அது கூடிக்கொண்டேதான் போகும். இறந்தவர்களும் அதில் இருப்பார்கள். 'சென்ற ஆண்டில்', 'சென்ற மாதத்தில்', 'ஒரு நிகழ்ச்சியில்' ஆகிய மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

காலம் எவ்வளவு விளையாடும் என்பதற்கு உலகக் கணக்கையே பார்க்கலாம். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் 2022 அறிக்கை, மாதம் ஒருமுறையாவது தன்னார்வமாக உழைப்போர் 86.2 கோடிப் பேர் என்கிறது. அதே அமைப்பின் 2018 அறிக்கை, உலகின் தன்னார்வ உழைப்பு முழுவதையும் முழுநேர ஊழியராக மாற்றினால் 10.9 கோடி என்கிறது. ஆண்டும் முறையும் வேறு என்றாலும், இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் பெரும்பாலும் 'எத்தனை பேர்' என்பதற்கும் 'எவ்வளவு நேரம்' என்பதற்கும் இடையிலான பள்ளம்.

அந்த 2018 அறிக்கையில் இன்னொன்றும் உண்டு: மொத்த உழைப்பில் சுமார் 70 சதவீதம் எந்த நிறுவனத்தின் வழியாகவும் நடப்பதில்லை, ஆளுக்கு ஆள் நேரடியாகச் செய்வது. பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் பந்தியில் இலை போடுகிறவர் எந்த ஆண்டறிக்கையிலும் வர மாட்டார்.

படி 4: ஆளை மணியாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் பொறுமை இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சூத்திரம் எளிது. ஆள்கள் × ஒருவர் வருடத்தில் தரும் மணி நேரம் ÷ 2,000. நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் 2,000 வரும். கிடைப்பது 'முழுநேர ஆள்' கணக்கு.

முதலில் எங்கள் வண்டவாளம். தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக்காரர்களுக்காகக் குன்றக்குடி தாண்டி மூன்று இரவு மோர்ப் பந்தல் போடுகிறோம். நோட்டில் 186 பேர் வந்ததாக இருந்தது. அதைத்தான் நன்றி அறிவிப்பிலும் அச்சடித்தோம். ஆச்சி கேட்டபின் எடுத்துப் பார்த்தால், மூன்று இரவும் வந்தவர் பெயர் மூன்று தடவை. தனித்தனி ஆள் 94 பேர். ஒரு வருகைக்குச் சராசரி நாலு மணி நேரம். 186 × 4 = 744 மணி. 2,000-ஆல் வகுத்தால் 0.37. அதாவது சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால் நாலரை மாதத்தில் முடிகிற உழைப்பு. பட்டாலையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதே கணக்கைப் பெரிய இடத்தில் போடுவோம். பிரதம் அமைப்பின் அசர் கல்விக் கணக்கெடுப்பு 2022-ல் 19,060 கிராமங்களில் நடந்தது. அதன் நடைமுறை: ஒரு கிராமத்துக்கு இரண்டு தன்னார்வலர், பொதுவாக ஒரு வாரக் கடைசியின் இரண்டு நாள், 20 வீடு. 19,060 × 2 × 2 = 76,240 ஆள்நாள். நாளுக்கு 8 மணி என்றால் 6,09,920 மணி. வகுத்தால் சுமார் 305 முழுநேர ஆள். பயிற்சி நாள்களைச் சேர்த்தால் இன்னும் ஏறும். பல்லாயிரம் தன்னார்வலர் என்று கேட்கும்போது தோன்றும் படம் வேறு, 305 என்னும்போது வேறு.

அடுத்து, 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். அது தொண்டு நிறுவனம் அல்ல, அரசுத் திட்டம். ஆனால் கல்லூரி போன எல்லோருக்கும் தெரியும், விதியிலேயே மணிக்கணக்கு இருப்பதால் அளவுகோலுக்கு ஆகும். வருடம் 120 மணி, இரண்டு வருடத்தில் 240. சுமார் 40 லட்சம் மாணவர்கள் என்றால் 48 கோடி மணி; 2,40,000 முழுநேர ஆள். அந்த 120 மணியும் உண்மையிலேயே உழைத்தார்களா என்று அந்த முகாமில் தூங்கியவர்களைக் கேட்காதீர்கள். காகிதத்தில் இருக்கும் மணியை எழுதும்போது பக்கத்தில் 'விதிப்படி' என்று ஒரு குறிப்புப் போடுங்கள்.

ஆனால் முழுநேர ஆள் கணக்குக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 0.37 ஆளால் எங்கள் பந்தலை நடத்த முடியுமா? முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் காவடிகள் ஒன்றாக வந்து சேரும்போது ஒரு கை மோர் ஊற்ற வேண்டும், ஒரு கை டம்ளர் கழுவ வேண்டும், ஒருவர் சாலையில் டார்ச் அடித்து லாரியை ஓரம் கட்ட வேண்டும். அசரின் 305 ஆளாலும் குறுகிய காலத்தில் 19,060 கிராமத்துக்குப் போய்விட முடியாது. அந்தந்த வட்டாரத்து ஆள் என்பதால்தான் வேலை நடக்கிறது. 2022 டிசம்பரில் அகமதாபாத்தில் தொடங்கிய பிரமுக் சுவாமி மகராஜ் நூற்றாண்டு விழாவுக்கு, அவர் தலைமை தாங்கியிருந்த பாப்ஸ் என்ற சுவாமிநாராயண ஆன்மிக அமைப்பு 80,000 தன்னார்வலர்களை இறக்கியதாகச் சொன்னது. ஒரு மாத நிகழ்ச்சி. வருடக் கணக்கில் அது சுருங்கும். ஆனால் ஒரே சமயத்தில் அத்தனை பேரைக் கூட்டும் திறன் தனிச் சொத்து.

அதனால் இரண்டு பத்தி வேண்டும்: 'வருட உழைப்பு' ஒன்று, 'ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர்' ஒன்று. இரண்டையும் கூட்டவோ சராசரி எடுக்கவோ வேண்டாம்.

படி 5: எண்களை எங்கே தேடுவது

அமெரிக்க நிறுவனம் என்றால் வேலை சுலபம். அங்கே வரித்துறைக்குத் தரும் 990 படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. முதல் பக்கத்தில் 5-ஆம் வரி ஊழியர் எண்ணிக்கை, 6-ஆம் வரி தன்னார்வலர் எண்ணிக்கை. ஆனால் 6-ஆம் வரியில் 'தேவைப்பட்டால் மதிப்பீடு' என்று படிவமே சலுகை கொடுக்கிறது, மணிக்கணக்கு கேட்பதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் அறநிறுவன ஆணையமும் ஆண்டு அறிக்கைப் படிவத்தில் தன்னார்வலர் எண்ணிக்கையைக் கேட்கிறது.

நம் ஊரில் நன்கொடைக்கு வரிச்சலுகைப் பதிவு (80ஜி) உள்ள நிறுவனத்துக்குத் தணிக்கை அறிக்கை உண்டு. வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் எஃப்சி-4 படிவம். இரண்டும் பணத்தின் கதையைத்தான் சொல்லும். ஆகவே கடிதத்திலோ போனிலோ நேராகக் கேட்பதே வழி. நாங்கள் கேட்ட ஐந்து கேள்விகள்:

1. சென்ற நிதியாண்டில் ஒருமுறையாவது வந்து வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? (பெயர் பதிந்தவர்கள் அல்ல.)
2. ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் கொடுத்தார்? வருகைப் பதிவேடு இருக்கிறதா?
3. இவர்களில் பணமோ பயணப்படி தவிர்த்த வேறு தொகையோ பெற்றவர்கள் எத்தனை பேர்?
4. முந்தைய வருடம் வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?
5. சம்பள ஊழியர்கள் எத்தனை பேர்?

நாலாவது கேள்விக்கு யாரும் எண்ணாகப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் எதிர்முனையில் விழும் மௌனத்தின் நீளம் நிறையச் சொல்லும்.

படி 6: இரட்டை எண்ணிக்கையைக் கழியுங்கள்

கூட்டமைப்புகளில் இது பெரிய ஓட்டை. செஞ்சிலுவைக் கூட்டமைப்பில் 191 நாட்டுச் சங்கங்கள். நாட்டுச் சங்கத்துக்குக் கீழே மாநிலம், மாவட்டம், கிளை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் கூட்டிச் சொல்கிறார். தேவகோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் லயன்ஸ் உறுப்பினர், ரத்ததானக் குழுவில் இருக்கிறார், கோயில் அன்னதானத்தில் பரிமாறுகிறார், எங்கள் பந்தலுக்கும் வருகிறார். நாலு நிறுவனத்தில் நாலு ஆள். மணிக்கணக்கு எழுதினால் இந்தச் சிக்கல் தானாகவே தீரும். மனிதர் ஒருவர்தான் என்றாலும் நாலு இடத்தில் கொடுத்த நேரம் நாலு நேரம்.

படி 7: சம்பள ஊழியர்களைப் பக்கத்தில் எழுதுங்கள்

தன்னார்வலர் குறைவு என்றால் சின்ன நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள். அட்சய பாத்திரம் அறக்கட்டளை தினமும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடுகிறது. அது பெரும்பாலும் சம்பள ஆள்களும் பெரிய சமையற்கூடமும் சேர்ந்து நடத்தும் வேலை. விடியற்காலை சாம்பார் அண்டா முன் நிற்க ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலர் ஆக மாட்டார்.

நம் காரைக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். தன்னார்வலர் பத்தியில் அந்தக் கொடைக்குப் பூஜ்யம். பூஜ்யம் போட்டுவிட்டு அதைச் சிறியது என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது தைரியம் உண்டா?

படி 8: ரூபாயாக மாற்றலாமா?

மாற்றலாம், ஒரே நாட்டுக்குள் மட்டும். அமெரிக்காவில் ஒரு மணித் தன்னார்வ உழைப்பின் மதிப்பு 2023-க்கு 33.49 டாலர் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் ஒரு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. அங்கே ஒருவர் சூப் ஊற்றுவதும் இங்கே ஒருவர் கஞ்சி ஊற்றுவதும் ஒரே கை அசைவுதான். பணமாக மாற்றினால் அங்குள்ள நிறுவனம் மலையாகவும் இங்குள்ளது மடுவாகவும் தெரியும். மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 9: ஐந்தொகை (மொத்தக் கணக்குச் சுருக்கம்) போடுங்கள்

ஒரு நீள நோட்டில் குறுக்கே பத்திகள்: நிறுவனம், அவர்கள் சொல்லும் எண், அந்த எண்ணில் யார் யார், எந்தக் காலம், உழைத்த ஆள், மணி, முழுநேர ஆள், ஒரே நேரத்தில் அதிகபட்சம், சம்பள ஊழியர், ஆதாரம் எப்படி (பதிவேடு, மதிப்பீடு, வாய்ச்சொல்). கடைசிப் பத்தியை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். மதிப்பீடு என்றால் ஒற்றை எண் வேண்டாம், 'இதிலிருந்து இது வரை' என்று எழுதுங்கள். இரண்டு நிறுவனங்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எது பெரியது என்று சொல்லாமல் சமம் என்று வைத்துவிடுங்கள்.

எங்கள் நோட்டில் வந்தது இது. லட்சக்கணக்கு சொன்ன நிறுவனத்திடமிருந்து இரண்டு வாரம் கழித்து ஒரு போன். அந்த லட்சம் என்பது ஒரு பிரசாரத்தின்போது மிஸ்டு கால் கொடுத்த எண்கள். உழைத்த மணி தெரியாது. பல்லாயிரம் சொன்னது, தொடங்கிய நாள் முதல் பயிற்சி பெற்றவர்களைச் சொல்லியிருந்தது. போன வருடம் வந்தவர்கள் சுமார் 1,100 பேர், ஆளுக்கு இரண்டு நாள். 17,600 மணி, கிட்டத்தட்ட 9 முழுநேர ஆள். நானூறு சொன்ன இடத்திலிருந்து பதிவேட்டின் நகலே வந்தது: 420 பேர், வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம், வருடத்தில் 50 வாரம். 63,000 மணி, 31 முழுநேர ஆளுக்கு மேல்.

பணம் மூன்றாவது இடத்துக்குப் போனது. மலேசியா உறவினருக்கு நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினோம், "நானூறு பேர்தானா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆச்சி போனை வாங்கிப் பேசினார். கால் மணி நேரம் ஆயிற்று.

இந்தத் தைப்பூசத்துக்கு எங்கள் பந்தல் நோட்டிலும் 'வந்த நேரம்', 'போன நேரம்' என்று இரண்டு பத்தி கோடு போட்டு, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். முதல் ராத்திரி வந்த நேரம் எல்லோரும் எழுதினார்கள். போன நேரம் எழுதியவர்கள் ஏழு பேர். விடிந்து பார்த்தால் நூல் மட்டும் தொங்கியது.